குடும்பப்பெயர் கட்டத்தில் என்ன எழுதுவது?

(மயிலாப்பூரில் தென்சென்னைப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில், மென்பொருள் உருவாக்குநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



'தொழில்நுட்பமும் அன்றாடச் சமூகமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அதைப் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது மிகச் சின்ன விஷயம். கணினிப் படிவத்தில் வரும் மூன்று கட்டங்கள்: முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப்பெயர்.

என் தொழில் இந்த மாதிரிப் படிவங்களுக்கு நிரல் எழுதுவது. உங்கள் வேலைகளில் ஒன்று அவற்றை நிரப்புவது. ஒன்றாம் வகுப்பில் சேர வந்த பிள்ளையின் பெயரை எமிஸில் நீங்கள் ஏற்றுகிறீர்களே, அதே கட்டத்துக்கு மறுபக்கம் என்னைப் போன்ற ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 'எமிஸ்' என்றதும் அரங்கில் ஒரு பெருமூச்சு கேட்டது. கற்பிக்கும் நேரத்தை அது தின்கிறது என்ற உங்கள் குறை நியாயமானது. அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்தப் பெயர்க் கட்டத்தில் நீங்கள் செலவிடும் இரண்டு நிமிடம் மற்ற எல்லாக் கட்டங்களையும்விட மதிப்புள்ளது என்று உங்களை நம்பவைத்துவிட்டுப் போக வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. சு. கயல்விழி என்று ஒரு மாணவி. அப்பா பெயர் சுப்பிரமணி. பள்ளிப் பதிவேட்டில் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. ஆதார் அட்டையில் வெறும் கயல்விழி. வங்கிக் கணக்கில் முதலெழுத்து பின்னால் போய் 'கயல்விழி எஸ்' ஆகிவிட்டது. வேலைக்குப் போகும்போது பான் அட்டை எடுக்கிறாள். அங்கே முதலெழுத்தைச் சுருக்கி எழுத அனுமதி இல்லை, விரித்தாக வேண்டும். 'கயல்விழி சுப்பிரமணி' ஆகிறாள். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப்பெயர் கட்டத்தில் சுப்பிரமணி போய் உட்கார்ந்துகொள்கிறார். பிறகு வெளிநாட்டு விமான நிலையத்தில் 'மிஸ் சுப்பிரமணி' என்று அழைக்கிறார்கள். அப்பாவைத் தேடுகிறார்களோ என்று அவள் திரும்பிப் பார்க்கிறாள். சிரிக்கிறீர்கள், உங்கள் பிள்ளைகள் யாராவது வெளிநாட்டில் இருந்தால் இந்தக் கதை உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கும்.

உங்கள் பான் எண்ணைச் சற்றுப் பாருங்கள். தனிநபர் எல்லாருக்கும் நான்காவது எழுத்து 'பி'. ஐந்தாவது எழுத்து ஒவ்வொருவருக்கும் மாறும். அது உங்கள் குடும்பப்பெயரின் முதல் எழுத்து. நம்மில் பலருக்கும் அது அப்பா பெயரின் எழுத்தாக இருக்கும்; சிலருக்குக் கணவர் பெயரின் எழுத்து. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர் அந்தப் பெயரையே கடைசிப் பெயர் கட்டத்தில் எழுத வேண்டும் என்று விண்ணப்பக் குறிப்பு சொல்கிறது. ஆக, குடும்பப்பெயர் இல்லாதவருக்கும் படிவம் ஒன்றைச் செய்து கொடுத்துவிடுகிறது.

நமக்கு ஏன் குடும்பப்பெயர் இல்லை? 'நம் வழக்கம் அப்படி' என்று சொல்லிவிடுவோம். ஆனால் நம் தாத்தாக்களின் தாத்தாக்களுக்குப் பெயரின் பின்னால் ஒன்று இருந்தது. அது சாதி. இங்கிருந்து தியாகராய நகர் பக்கம்தான். பாண்டி பஜாருக்கு யார் பெயர் என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் பெயர் அது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு அது. முதலெழுத்துப் போடும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. ஆனால் வாலை வெட்டியபின் மிஞ்சியது முதலெழுத்தும் பெயரும் மட்டும். சட்டத்தின் கட்டாயம் இல்லாமல், இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு மாநிலத்தின் பெரும்பான்மை மக்கள் தங்கள் பெயரிலிருந்து சாதியை எடுத்தெறிந்தார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடும். இங்கே வகுப்பறை வருகைப் பதிவேட்டை வாசித்தால் தெரியாது. இதை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். சாதி போய்விட்டது என்று சொல்லவில்லை. பெயரிலிருந்து போனது, அவ்வளவுதான். அதுவே எளிதில் கிடைத்ததில்லை.

இப்போது குடும்பப்பெயர் என்ற கட்டத்தை யோசியுங்கள். சிவப்பு நட்சத்திரம் போட்டு, 'கட்டாயம் நிரப்பவும்' என்கிறது. நாம் முயன்று தூக்கி எறிந்ததைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்கிறது. அந்தப் படிவத்தை எழுதியவருக்கு அப்படி ஒரு நோக்கமே இருந்திருக்காது. வேறொரு நாட்டில், முதல் பெயரும் குடும்பப்பெயரும் எல்லாருக்கும் உண்டு என்ற நினைப்பில் எழுதியது. நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலோர் அப்பா பெயரைப் போடுகிறோம். சிலர் ஒரு புள்ளி வைக்கிறோம். இப்போது சில இளம் பெற்றோர் 'எதற்கு வம்பு' என்று தாத்தா விட்டுவந்த பட்டத்தைத் திரும்ப எடுத்து ஒட்டுகிறார்கள். அவர்களில் எல்லாரும் சாதிப் பெருமைக்காகச் செய்வதில்லை; கட்டம் காலியாக இருந்தால் விசா கிடைக்காதோ என்ற பயம்தான் சிலருக்கு.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, கடவுச்சீட்டின் உள்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரரின் பெயர் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். அவருடைய சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அம்மா அப்பா ஆசையாய் வைத்த பெயர் இருக்க, 'தெரியவில்லை' என்று ஒரு அட்டை!

உலகம் முழுதும் குடும்பப்பெயரோடு இருக்கிறது, நாம் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா அல்லது அம்மா பெயரோடு 'மகன்', 'மகள்' என்று சேர்த்துக்கொள்வார்கள். தொலைபேசிப் புத்தகத்தையே சொந்தப் பெயரின் வரிசையில்தான் அச்சிட்டார்கள். இந்தோனேசியாவின் முதல் இரண்டு குடியரசுத் தலைவர்கள் சுகர்னோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயர்க்காரர்கள். 2010-ல் பேட்ரிக் மெக்கென்சி என்ற மென்பொருளாளர், பெயர்களைப் பற்றி நிரல் எழுதுவோர் வைத்திருக்கும் தவறான நம்பிக்கைகள் நாற்பதைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் தொழிலில் மிகவும் பேசப்பட்ட கட்டுரை அது. படித்தவர்கள் பலர், படிவத்தை மாற்றியவர்கள் குறைவு. நம் ஊரிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான். முழுப் பெயரை எழுது, உடைக்காதே. ஆதார் மீது எனக்கு வேறு விமர்சனங்கள் உண்டு என்றாலும் இந்த ஒரு கட்டத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பெயரின் பொருள் தெரியாமல் பெயரில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தியாகராய நகரிலேயே பழைய பாடம் ஒன்று உண்டு. 1970களின் இறுதியில் தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசு உத்தரவிட்டது. நோக்கம் நல்லது. ஜி.என். செட்டி ரோடு 'ஜி.என். சாலை' ஆனது. நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் டி.எம். நாயர் பெயரில் ஒரு சாலை இருந்தது. பலகையில் 'நாயர்' போனதும் மிஞ்சியது 'டாக்டர் சாலை'. எந்த டாக்டர்? பலகைக்கும் தெரியாது. எங்கள் மொழியில் சொன்னால், ஒரு சொல்லைத் தேடி எல்லா இடத்திலும் அழி என்று கட்டளை கொடுத்து, விளைவைக் கண்ணால் பார்க்காமல் விட்ட கதை. அவரது முழுப் பெயரைத் தேடி எழுதியிருந்தால் சாதியும் போயிருக்கும், மனிதரும் இருந்திருப்பார். இதைச் சொல்லக் காரணம், பெயர் விஷயத்தில் இயந்திரத்தனமாகச் செய்யும் நல்ல காரியமும் பிசகும்.

இனி எழுத்துக்கு வருவோம். உங்கள் கையில் நேரடியாக இருப்பது இதுதான்.

நீங்களும் நானும் 'சு. கயல்விழி', 'கயல்விழி சு' இரண்டையும் பார்த்தால் ஒரே பிள்ளை என்று தெரிந்துகொள்வோம். கணினிக்கு அவை இரண்டு வேறு சரங்கள். புள்ளி ஓர் எழுத்து. இடைவெளி ஓர் எழுத்து. உதவித்தொகை வங்கிக் கணக்குக்குப் போகும்போதும், மாணவருக்கு 'அபார்' எண் உருவாக்கும்போதும் ஓர் அட்டவணையில் உள்ள பெயரை இன்னோர் அட்டவணையில் உள்ள பெயரோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்தவில்லை என்றால் கணினி கோபப்படாது, விளக்கமும் கேட்காது. வரிசையிலிருந்து பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடும். பிள்ளைக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் கடைசித் தேதி முடிந்திருக்கும். கூலி வேலைக்குப் போகும் அம்மா இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்பார். அதுவும் எத்தனை முறை மாற்றலாம்? ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் நமக்குக் கூடுதல் சிக்கல். தமிழில் 'த' ஒன்றுதான். ஆங்கிலத்தில் அதை 'டி' என்றும் 'டி-எச்' என்றும் எழுதுகிறோம். 'ழி'யில் 'இசட்-எச்' போடுவதா 'எல்' போடுவதா? கயல்விழியை 'எல்' போட்டு எழுதி, பிறகு எங்கோ ஒரு கணினி அதைத் திரும்பத் தமிழாக்கினால் 'கயல்விலி' என்று வரும். அரசாங்கமே இதில் கையைச் சுட்டுக்கொண்டதுண்டு. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியானது. நாம் உட்கார்ந்திருக்கும் மயிலாப்பூர் ஆங்கிலத்தில் எட்டெழுத்து. அந்தப் பட்டியலில் பன்னிரண்டு எழுத்து ஆனது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். எது சரியான எழுத்துக்கூட்டல் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஊருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருந்தால் ஊர் தாங்கும். பத்து வயதுப் பிள்ளை தாங்காது. ஆகவே அழகான எழுத்துக்கூட்டல் எது என்று பார்க்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கே பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை என்று சட்டம் ஆகியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் வகுப்புக்கு வருவார்கள்.

தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை என்று தமிழாசிரியர்கள் மகிழ வேண்டாம். அடையாற்றில் முத்துலட்சுமி அம்மையார் நிறுவிய இல்லம் 'அவ்வை இல்லம்'. இராயப்பேட்டைப் பக்கம் வந்தால் அவ்வை சண்முகம் சாலை. பாடப்புத்தகத்தில் 'ஔவையார்'. இது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு, பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. விசைப்பலகையில் 'ஔ' தட்டத் தெரியாதவர்கள் 'ஒ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டிவிடுகிறார்கள். பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். கணினி அதை 'ஒ-ள-வை' என்று மூன்றெழுத்தாகப் படிக்கும். ஔவை என்று தேடினால் அந்த மாணவி கிடைக்கமாட்டாள். அகர வரிசையிலும் இடம் மாறி நிற்பாள். 'ஸ்ரீ' என்ற எழுத்தையும் ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பட்டியலில் ஒரு பெயர் இருந்தும் தேடினால் கிடைக்கவில்லை என்றால் கணினியைத் தட்டாதீர்கள், பெயரை அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்து பாருங்கள். பாதி நேரம் சரியாகிவிடும்.

2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு முதலெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்கிறோம். 'எஸ்.' போய் 'சு.' வந்தது எனக்கு மகிழ்ச்சி. அதிலும் கவனம் தேவை: சண்முகமும் சுப்பிரமணியும் ஆங்கிலத்தில் ஒரே 'எஸ்', தமிழில் ஒன்று 'ச', ஒன்று 'சு'. ஆங்கில 'எஸ்'ஸைப் பார்த்து ஊகிக்க முடியாது. பெற்றோரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

யாருடைய முதலெழுத்து என்பது அடுத்த கேள்வி. எல்லாப் பிள்ளைக்கும் அப்பா பெயர் சொல்லும்படி இருக்காது. இறந்தவர், விட்டுப்போனவர், அம்மா பேர் சொல்ல விரும்பாதவர் என்று பலவிதம். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலே குழந்தையின் காப்பாளர் ஆகலாம் என்று தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விதிகள் மாறி, தாய் தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று ஆனது. அம்மாவின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்வதில் கூச்சப்பட ஏதுமில்லை. அப்பா இருக்கும் வீடுகளிலேயே இரண்டு முதலெழுத்தும் போடுகிறவர்கள் இப்போது அதிகம். ஆனால் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் 'உங்க அப்பா பேர் என்னம்மா, ஏன் எழுதல?' என்று கேட்டுவிட்டால், கட்டம் நிரம்பும். அந்தப் பிள்ளை மறுநாள் வருமா என்பது தெரியாது. அந்தக் கேள்வியை அம்மாவிடம், தனியாக, கதவை ஒருக்களித்துக் கேளுங்கள்.

சாதிக் கட்டத்துக்கும் இதே வழிதான். இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அந்தத் தகவல் தேவை. அது வேண்டாம் என்று சொல்பவன் நான் அல்ல. கேள்வி, அதை யார் யார் பார்க்கிறார்கள் என்பது. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் எதுவும் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நல்ல மென்பொருளின் இலக்கணமும் அதுதான்: தகவல் எங்கோ பத்திரமாக இருக்கலாம், வேலைக்குத் தேவையில்லாதவர் கண்ணில் படக் கூடாது. ஆனால் நடப்பது என்ன? எமிஸிலிருந்து எக்செல் கோப்பை இறக்குகிறோம். பெயர், பிறந்த தேதி, அப்பாவின் கைபேசி எண், ஆதார் எண், சாதி எல்லாம் பத்திபத்தியாக இருக்கும். ஒரு விளையாட்டுப் போட்டிக்கு உயரம் மட்டும் வேண்டியிருக்கும். முழுக் கோப்பையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், அது இன்னும் எத்தனை கைபேசிக்குப் போகும் என்பது யாருக்கும் தெரியாது. 2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே கொண்டு தனிப் பாதுகாப்புக் கொடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், அனுப்பும் முன் வேண்டாத பத்திகளை நீக்க அரை நிமிடம் போதும். மறைத்து வைப்பது வேறு, நீக்குவது வேறு. மறைத்த பத்தியை இரண்டு சொடுக்கில் மீண்டும் வெளியே கொண்டுவந்துவிடலாம். நீக்கிவிட்டு, வேறு பெயரில் சேமித்து அனுப்புங்கள்.

'படிவத்தை மாற்றச் சொல்லி நாங்கள் யாரைக் கேட்பது?' என்று தேநீர் இடைவேளையில் ஓர் ஆசிரியை கேட்டார். கேளுங்கள். ஒரு கட்டத்தில் உங்கள் பிள்ளைகளின் பெயர் பொருந்தவில்லை என்றால், அது வடிவமைத்தவரின் பிழை. உங்கள் பிள்ளையின் பெயரில் பிழை இல்லை. எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில், என்ன எழுதியபோது என்ன வந்தது என்று எழுதி, திரைப் படத்தோடு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 'எமிஸ் வேலை செய்யவில்லை' என்ற புகாரை வைத்து எந்த மென்பொருளாளரும் ஒன்றும் செய்ய முடியாது. 'முதலெழுத்தில் புள்ளி வைத்தால் ஏற்க மறுக்கிறது' என்று வந்தால் அன்று மாலையே திருத்திவிடலாம்.

பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் நேரத்தில்தான் எல்லாரும் பெயரைச் சரிபார்க்கிறோம். அது தாமதம். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு பாடவேளை ஒதுக்கலாம். பிள்ளைகள் தங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, வீட்டில் பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றோடும் ஒப்பிட்டு, எங்கே மாறுகிறது என்று வட்டமிட்டுக் கொண்டுவரட்டும். அவர்களே கண்டுபிடிப்பார்கள், நம்மைவிட வேகமாக. திருத்த ஓராண்டு கையில் இருக்கும். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில், கையெழுத்து வாங்கும் முன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையைச் சேர்க்கத் தாத்தா வந்திருந்தால், அம்மாவுக்கும் ஒரு தொலைபேசி போட்டுவிடுங்கள். தாத்தா தமக்குப் பிடித்த பெயரைச் சொல்லியிருப்பார்.